பழைய ஃபைலில் இருந்த என் பொய்

என் மகளின் கையை உடைத்தது நான்தான் என்று நீதிமன்றத்தில் நானே சொல்லியிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன். அப்போது அவளுக்கு மூன்று வயது. சொன்னது பச்சைப் பொய். உடைத்தது அவளுடைய அப்பா.

ஏன் சொன்னேன் என்பது டவுன் ஆட்களுக்கு லேசில் புரியாது. ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தது நானும்தான், ஆனால் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடு அந்த மனுசன் பேரில். அவர் மறியலில் கம்பி எண்ணப் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்தார். "பொம்பளைன்னா எச்சரிச்சு விட்டுருவாங்க. நீயே அடிச்சேன்னு சொல்லிரு தாயி." லயமே தலையாட்டியது. சொன்னேன். எச்சரித்துத்தான் விட்டார்கள். வீடு தப்பியது. எனக்கு அடி விழுந்துகொண்டேதான் இருந்தது.

போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்துவிட்டேன். ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கிற வேலை. மூன்றாம் மாதமே, பிள்ளையைத் தன்னிடம் தரச்சொல்லி வழக்குப் போட்டார். அதற்குச் சாட்சி என்ன தெரியுமா? அவருக்காக நான் சொன்ன அதே பொய். பழைய ஃபைலை அவருடைய வக்கீல் சிங்களத்தில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தமிழில் சொன்னார். அந்த மனுசன் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் அழுங்க அக்கா, நீதவான் இரங்குவாரு," என்று என் வக்கீலாக வந்த சின்னப் பெண் என் காதில் சொன்னாள். நான் எதற்கு அழ வேண்டும்?

"ஐயா, படிக்கிறதுன்னா முழுசா படிக்கச் சொல்லுங்க," என்றேன். "புள்ளையக் காட்டின ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டும் அதுலதான் இருக்கு."

நீதவான் தாளைப் புரட்டி அந்தச் சீட்டை வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். பிள்ளையைக் கொண்டுவந்தவர் தந்தை. காலை பத்து மணி. அடிபட்டு ஒரு மணித்தியாலம் ஆகிறது. தாய் வேலையில். அன்று காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியவள் நான். மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போதுதான் எனக்கே சேதி வந்தது.

"அப்படியானால் அன்று பொய் சொன்னீர்கள். அதற்குத் தண்டனை உண்டு, தெரியுமா?"

"தெரியும் ஐயா. அன்னைக்கு வீட்டக் காப்பாத்த சொன்னேன். இப்ப அந்த வீடு எனக்கு வேணாம். தண்டனைய எழுதுங்க, வாங்கிக்கிறேன். புள்ளைய மட்டும் அந்த ஆளுகிட்ட குடுக்காதீங்க."

தீர்ப்பு வரும்வரை மகள் என்னோடு இருக்கலாம் என்றார். என் பொய்யைப் பற்றிப் பிறகு பார்ப்பாராம். பார்க்கட்டும்.

வெளியே பெஞ்சில் மகள் காத்திருந்தாள். லயத்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லி, கையை உடைத்தது நான்தான் என்று நம்பி வளர்ந்தவள். பஸ்ஸில் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா என்கிட்டயாச்சும் ஏம்மா சொல்லல?"

வீட்டைக் காப்பாற்ற என்று நீதவானுக்குச் சொன்னது அவளுக்குப் பதில் ஆகாது. உடைந்திருந்த அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.