முதலைக்கு இரண்டு பக்கமும் கண்

டென்மார்க்கின் வைலே நகரில் எங்கள் சபைக்கு வரும் கானா நாட்டுப் பிள்ளை, தன் ஊர்க்கொடியைத் தைக்கத் தந்தாள். அவர்கள் ஃபான்டி இன ஆட்கள்; அவர்களின் ஊரில் ஒவ்வொரு படைக்கும் ஒரு கொடி உண்டாம். சிவப்புத் துணியில், மீனைக் கவ்விய முதலையை வெட்டி வைத்துத் தைத்திருந்தது. முதலையின் கண் கழன்றிருந்தது.

"என்ன சொல்லுது இது?" என்று கேட்டேன்.

"மீன் கொழுக்கிறது முதலைக்குத்தான் எண்டு. எதிர்ப் படைக்கு நக்கல்!" என்றாள் டேனிஷில்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் என் தையலில் ஒருவரும் குறை சொன்னதில்லை. வெள்ளைத் துணியில் கண் வெட்டி, பொடித்தையலாகத் தைத்துக் கொடுத்தேன்.

அவள் கொடியைத் திருப்பினாள். அங்கே என் முடிச்சுகள்தான் தெரிந்தன.

"அன்ரி, இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு முதலை குருடெல்லோ! கொடியைச் சுழட்டி ஆடுறது."

அப்போதுதான் கவனித்தேன். முதலையும் மீனும் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு முடிச்சுக்கூடத் தெரியவில்லை.

"முடிச்சை எங்க ஒளிக்கிறியள், பிள்ளை?"

"ஒட்டுத் துணிக்கு அடியில."

என் தையலை நானே பிரிப்பது எனக்குப் பழக்கமில்லை. பிரித்தேன். இரண்டு கண்ணும் வைத்து முடித்ததும், அவள் கை வைக்கும் முன்னே நானே கொடியைத் திருப்பிக் காட்டினேன்.