வெயில் பக்கத்து ஜன்னல்

எங்கள் பக்கத்தில் பஸ் ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது சூரியனை. ஓசூரிலிருந்து காலையில் கிருஷ்ணகிரி போனால் வலப்பக்கம் நிழல். சாயங்காலம் திரும்பினாலும் வலப்பக்கம்தான். இந்த விதியை விமானத்துக்கும் பொருத்தியவர் என் சித்தப்பா.

திருச்சியில் ஒரு கல்யாணம். பெங்களூரிலிருந்து எல்லோரையும் விமானத்தில் கூட்டிப்போகிறேன் என்று அவரே முன்வந்தார். காரணம் இருந்தது. சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்காக நிலம் சேர்த்துக் கொடுக்கும் வேலையில் அவர் இருந்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நடுவில் கிணற்றோடு இருந்த ஒரு துண்டு மட்டும் பாக்கி. அது அம்மாவின் பெயரில், அவளுடைய அப்பா எழுதிவைத்தது. அம்மா கொடுக்கவில்லை. அதனால் சித்தப்பா சில மாதங்களாகவே மிக இனிமையாகப் பேசிவந்தார். அப்பா எந்தப் பக்கமும் பேசாமல் இருந்தார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி வரைபடத்தில் பெங்களூருக்கும் திருச்சிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். திருச்சியைப் பார்த்துப் போனால் சூளகிரி கோட்டுக்கு இடப்பக்கம் விழுந்தது. அம்மாவிடம் காட்டினேன். தோசைக்கரண்டியோடு வந்து பார்த்தவள், நம் கிணறு தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று அடித்துச் சொன்னேன். றெக்கைக்கு நேராக உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

சித்தப்பா போனில் சீட் தேர்வு செய்துகொண்டிருந்தார். எல்லாம் வலப்பக்கம்.

"தம்பி, எனக்கும் பாப்பாவுக்கும் இடப்பக்கம் போடுங்க" என்றாள் அம்மா.

"காலையில அந்தப் பக்கந்தான் அண்ணி வெயிலு. மூஞ்சி கருத்துப் போயிரும், கல்யாணத்துக்குப் போறோம்."

"பொறந்ததுல இருந்து கருப்புதான் தம்பி. இனிமே என்ன கருக்கறது."

அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. மாற்றிப் போட்டார்.

அது சின்ன விமானம். அதன் றெக்கை கூரைமேல் இருந்தது. எங்கள் எச்சரிக்கை வீண். அதைவிடப் பெரிய ஏமாற்றம், ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்துகொண்டது. இடத்தைக் கண்டுபிடித்தது நான். கேட்டேன், அழுதும் பார்த்தேன். அம்மா நகரவில்லை. வேறு எதிலும் எனக்கு அவள் அப்படிச் செய்ததில்லை.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. ஜன்னல் மூடியை இறக்கச் சொன்னார் சித்தப்பா, நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து. அவள் கேட்காததுபோல் இருந்தாள். கீழே ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களின் வெள்ளைக் கூரைகள், நெடுஞ்சாலை, அதில் லாரிகள். பிறகு செம்மண். மரம், வரப்பு எதுவுமில்லாமல் சமன்படுத்திய அகலமான செம்மண். அதன் நடுவில் ஒரு பச்சைத் துண்டு, ஓரத்தில் கரும்புள்ளியாகக் கிணறு.

அம்மா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இங்க வந்து பாருங்க. நம்மளுது மட்டுந்தான் தெரியுது."

பெல்ட் போட்டிருக்கிறேன் என்றார் சித்தப்பா. எழுந்து வந்தது அப்பாதான். என் தலைக்கு மேலாகக் குனிந்து, பணிப்பெண் வந்து உட்காரச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது அம்மாவின் தோளில் ஒரு முறை கை வைத்துவிட்டுப் போனார்.

ஜன்னலைப் பறிகொடுத்த கோபத்தில் நான் நடைபாதைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அங்கே சித்தப்பா தன் ஜன்னல் மூடியைக் கீழ்வரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நிழல் பக்கத்தில் இருக்கிற மனிதருக்கு மூடி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.