தோளுக்கு மேல் திரும்பிப் பேசியவர்

டாலிகஞ்ச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மிதாலி அழைத்தார். எங்கள் பள்ளியில் வங்காள மொழி கற்பித்தவர். "கோமதி-தி சோலே கேலோ" என்றார். கோமதி போய்விட்டார். கடைக்காரர் "மாஷிமா, ஆர் கிச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கோமதி மிஸ்ஸை உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகள் சிலர் பவானிபூர் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். திருநெல்வேலிக்காரர். துறைமுகத்தில் வேலை கிடைத்த கணவருடன் கொல்கத்தாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நான் பக்கத்து வகுப்பில் இயற்பியல் எடுத்தேன். அவர் குரலை உயர்த்தினால் என் வகுப்பில் ஒளிவிலகல் நின்றுவிடும். என் மாணவிகளும் சேர்ந்து அவரது முக்கோணத்தைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தக் குரலைத்தான் நோய் எடுத்துக்கொண்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு, அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் பணி மிச்சமிருந்தபோது, தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை அகற்றினார்கள். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சிறிய டார்ச் விளக்குப் போல இருக்கும். கழுத்தில் சரியான இடத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதிரும்; அந்த அதிர்வை வாயும் நாக்கும் சொற்களாக்கும். மாணவர்களுக்கு விளக்குவதானால் இப்படிச் சொல்வேன்: நாதஸ்வரத்துக்கு மூச்சுக்குப் பதில் ஓர் இயந்திரம் காற்றுக் கொடுக்கிறது, விரல்கள் மட்டும் வாசிப்பவருடையவை. ஏற்ற இறக்கமில்லாமல், வண்டு முரல்வது போல அந்தக் குரல் வரும்.

ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எரிவாயு உருளை கொண்டுவருபவர் தொலைபேசியில் அவரை "தாதா, தாதா" என்று அண்ணனாக்கியே அழைத்துக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டுக் கோமதி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாக்கா, ஒரே ஆபரேஷன்ல அண்ணாச்சி ஆயிட்டேன்."

சொல்லிவிட்டுக் கருவியை மடியில் வைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பதற்குப் பொத்தானை அழுத்த யாருக்குத் தோன்றும்?

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒன்பதாம் வகுப்பு வடிவியலை மறுபடி எடுக்க வேண்டும். தலைமையாசிரியை அன்பாகத்தான் மறுத்தார். விடைத்தாள் திருத்துங்கள், கால அட்டவணை போட்டுக் கொடுங்கள், எதற்கு வீண் சிரமம் என்றார். கோமதி விடவில்லை. கடைசியில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டும்படி சொன்னார்கள்.

ஒரு கை கருவிக்குப் போய்விடும். அல்ஜீப்ராவுக்கு மிச்சமுள்ள ஒரு கை போதும். வடிவியலுக்குப் போதாது. பலகையில் பெரிய காம்பஸை ஊன்ற ஒரு கை, சுழற்ற ஒரு கை. அளவுகோலைப் பிடிக்க ஒரு கை, கோடு இழுக்க ஒரு கை.

"கோட்டைப் போட்டு முடிச்சுட்டுப் பேசேன்" என்றேன்.

"முடிச்ச கோட்டுல என்னக்கா இருக்கு? இழுக்கும்போது சொல்லுததுதான் பாடம். எனக்கு மூணாவது கை வேணும்."

அந்த மூன்றாவது கையை நாங்கள் இருவரும் செய்யத் தொடங்கினோம். கழுத்தின் நடுவே மூச்சுவிடும் துளை இருப்பதால் அதை எதுவும் மறைக்கக் கூடாது. தோளிலிருந்துதான் கருவியைத் தாங்க வேண்டும். முதலில் ஆய்வகத்தில் குடுவையைப் பிடிக்கும் கிளாம்பைக் கட்டிப் பார்த்தோம். "கொதிக்க வச்சு ஆசிட் ஊத்தப் போறீங்களா?" என்றார். பிறகு அட்டையில் வெட்டி, வளைத்து, அளவு சரியானதும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தரும் கடையில் கொடுத்துச் செய்து வாங்கினோம். பொத்தானை அழுத்த சைக்கிள் பிரேக் ஒயர். அதன் மறுமுனையில் ஒரு கட்டை, இடது அக்குளுக்குக் கீழே. கையை விலாவோடு அழுத்தினால் குரல் வரும், தளர்த்தினால் நிற்கும்.

முதல் ஒயர் இறுகிக்கொண்டது. அதை மாட்டியபடியே ஆட்டோவில் வந்தோம். காளிகாட் தாண்டும்போது கருவி அலறத் தொடங்கி நிற்கவே இல்லை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கோமதியையே பார்த்தார்.

"திதி, எடா ஆமார் காடி நோய்!" என்றார். இது என் வண்டியின் சத்தம் இல்லை என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி.

கொல்கத்தா வியர்வையில் கருவியின் முனை வழுக்கும். அதிர்வு சரியாக உள்ளே போகும் இடம் ஒரு பொட்டளவுதான். அதைக் கண்டுபிடித்துக் கண்மையால் புள்ளி வைத்துக்கொண்டார். "திருஷ்டிக்கும் ஆச்சு" என்றார்.

என் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். ஒரு சொல்கூடச் சிதையவில்லை.

வகுப்பு எடுத்துக் காட்டிய அன்று நானும் கடைசி வரிசையில், தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளாலும் வட்டம் வரைந்தார். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து முதல் தொடுகோட்டை இழுத்தபடியே, "இந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தை..." என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். குரல் அறுந்துவிட்டது. பலகைப் பக்கம் திரும்பினால் வந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினால் போனது. கழுத்து திரும்பும்போது தோல் நகர்கிறது, புள்ளியும் கூடவே நகர்கிறது. தோளில் இறுக்கிய கருவி நின்ற இடத்திலேயே நின்றது.

ஆயுள் முழுக்கப் பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பேசிய இரண்டு பேர், தேர்வாளர்களைப் போல உட்கார்ந்தே சோதித்திருந்தோம். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர் இரண்டாவது தொடுகோட்டுக்கு அளவுகோலை வைப்பதற்குள் தலைமையாசிரியை எழுந்து, "போதும், ரொம்ப நன்றி" என்றார். அந்தக் கோடு மட்டும் போடப்பட்டிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

விடை தர்மதலாவில் கிடைத்தது. டிராமின் தலைமேல் ஒரு கம்பம் சாய்ந்து நீண்டு மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி தொய்ந்தாலும் ஏறினாலும், வில்விசை ஒன்று கம்பத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கோமதி நடைபாதையிலேயே நின்று என் கையைப் பிடித்தார். "இறுக்கிப் பிடிக்கலக்கா அது. சாஞ்சுக்கிட்டே கூடப் போவுது." அப்படியே செய்தோம்: இரண்டு மூட்டுள்ள மெல்லிய கை, மென்மையான ஒரு ஸ்பிரிங். கழுத்து திரும்பினால் அதுவும் திரும்பியது. கோடை விடுமுறையில் அது தயாரானது. பள்ளி திறந்ததும் இன்னொரு வகுப்புக்கு அனுமதி கேட்டிருந்தார்.

பள்ளி திறக்கும் முன்பே கழுத்தில் வீக்கம் வந்துவிட்டது. கண்மைப் புள்ளி இருந்த இடத்தில் அதிர்வு உள்ளே போகவில்லை. வேறு இடமும் அகப்படவில்லை. நோய் திரும்பியிருந்தது. இரண்டாவது வகுப்பு நடக்கவில்லை.

கருவியை மருத்துவமனை மூலம் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் அவர் கணவர். நாங்கள் செய்த கை கோமதியின் தோளுக்கு மட்டுமே பொருந்துவது என்பதால் என்னிடம் தந்தார். அதுவும் என்னிடம் இருக்கிறது, அந்தக் கோடை விடுமுறையின் ஒரு மாலைப் பொழுதும் இருக்கிறது.

அன்று அந்தக் கையை முதன்முதலாக மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கரும்பலகை இல்லை, பச்சை இரும்பு அலமாரிதான் இருந்தது. அதன் கதவில் நூலும் சாக்குக்கட்டியும் கொண்டு இரண்டு கைகளாலும் வட்டம் போட்டார். வெளியே ஒரு புள்ளி. ஒரு தொடுகோடு, திரும்பி என்னைப் பார்த்துப் பேச்சு. இரண்டாவது தொடுகோடு, மறுபடி திரும்பிப் பேச்சு. இரண்டும் ஏன் சம நீளம் என்பதைக் குரல் ஓரிடத்திலும் அறாமல் சொல்லி முடித்தார்.

"புரியுதா?" என்றார்.

"புரியுது மிஸ்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"புரியலன்னு சொல்லுங்கக்கா. அப்பத்தான இன்னொரு தடவ சொல்லலாம்."

புரியவில்லை என்றேன். ஈரத்துணியால் கதவைத் துடைத்துவிட்டு, முதல் வட்டத்திலிருந்து தொடங்கினார். அந்த மாலை எனக்கு எத்தனை முறை புரியாமல் போனது என்று எண்ணவில்லை. இன்னும் ஒருமுறை புரியாமல் போயிருக்கலாம்.