பக்கம் திருப்பும் இடம்

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தலைகீழ் டீச்சர். கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரமாட்டாள். எதிரே உட்கார்ந்து நோட்டைத் தலைகீழாகவே படிப்பாள். அப்போதுதான் முகமும் கையும் ஒன்றாகத் தெரியுமாம். நாற்பது பேர் வகுப்பில் யார் கை எந்த வரியில் நின்றது என்று தெரியாமல் திண்டாடி, ஒரே வருஷத்தில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, சைக்கிளில் வீடுவீடாகக் கிளம்பியவள். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளைதான். "தம்பியையும் கூட உக்கார வைக்கட்டுமா?" என்று யாராவது கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளையே பஞ்சர் கடைக்காரர் மகள் ஆட்டிவைத்தாள். ஒன்பதாம் வகுப்பு. மற்ற பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். பாக்கி இருந்தது மறுதேர்வு ஒன்றுதான்.

"இதுலயும் போச்சுன்னா படிப்புக்கு முழுக்குதான் டீச்சர். கடையில வந்து உக்காரட்டும்," என்றார் அப்பா. மகள் தலையைத் தூக்கவில்லை.

மூன்று வாரம் எதிரே உட்கார்ந்து பார்த்தாள் டீச்சர். பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, விடை மட்டும் தப்பாக வந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது டீச்சருக்கு. கடைசியில் பழைய நோட்டுகளையெல்லாம் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சனியன், அத்தனை தப்பும் பக்கத்தின் முதல் வரியில் உட்கார்ந்திருந்தது! கணக்குப் பாதியில் இருக்கும்போது தாளைத் திருப்பினால், முந்தைய வரியை ஞாபகத்திலிருந்து எழுதுகிறாள். அதற்குள் ஒரு கழித்தல் குறி காணாமல் போய்விடுகிறது.

"அடிப்பாவி! உனக்குக் கணக்கு வராதுன்னு எவன் சொன்னான்? பக்கம் திருப்பத்தான் வரல. இனிமே திருப்பினதும் பழைய வரியை ஒரு தடவை பாத்துட்டு எழுது."

வீட்டில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. ஆனால் பதற்றம் வந்தால் பெண் திரும்பிப் பார்க்க மறந்தாள். அந்தப் பயத்தோடுதான் தேர்வன்று டீச்சரும் பள்ளி வராந்தாவில், அப்பாவின் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தாள்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பெண் தாளைத் திருப்பினாள். பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மறுபடி திருப்பினாள். அதுவும் பாதிதான். ஐயோ, முடிக்காமல் விட்டுவிட்டுப் போகிறாளே!

"என்ன டீச்சர், எழுதறாளா?"

"எழுதறா, எழுதறா," என்றாள்.

மணி அடித்துப் பெண் வெளியே வந்ததும் டீச்சர் சீறினாள். "ஏண்டி, எல்லாத்தையும் பாதிப் பாதியா விட்டுட்டு வந்தே?"

"விடல டீச்சர். ஒரு கணக்குக்கு ஒரு பக்கம். நடுவுல திருப்பவே வேணாம்ல? நாலு தடவை கூடுதல் தாள் கேட்டேன், மேடம் முறைச்சாங்க."

அது டீச்சர் சொல்லிக்கொடுத்ததில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கே தோன்றியதுமில்லை.

மத்தியானம் கணக்கு வாத்தியார், "காகிதத்தை இப்படியா வீணடிப்பே?" என்று முனகிக்கொண்டே திருத்திய விடைத்தாளைப் பெண்ணிடம் நீட்டினார். அவள் விரிப்பதற்குள் எதிரே நின்ற டீச்சர் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"எழுபத்தொண்ணு!"

"பாஸா டீச்சர்?" அப்பா தாளை எட்டிப் பார்த்தார்.

"பாஸுதாங்க."

மகள் மெல்லக் கேட்டாள். "அப்போ நாளைலேர்ந்து கடைக்கு வரட்டுமாப்பா?"

"கடைப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.