மூலைக்கு அப்பால் ஆறு கையெழுத்து

கையில் படிவத்தோடு கடை கடையாக ஏறி இறங்குகிற வேலையில் முதலில் தேய்வது சப்பாத்து, அடுத்தது முகத்தில் இருக்கிற சிரிப்பு. நன்கொடைப் புத்தகத்தோடு எப்போதாவது கதவு தட்டி அலைந்தவர்கள் இதை வாசித்தால், வாருங்கள், என் பக்கத்தில் இருங்கள். உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கைத்தொலைபேசியில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம். ஒஸ்லோ நகர நடுவில் ஒரு வர்த்தகர் சங்கத்தில் எனக்கு மார்ச் மாதம்வரை தற்காலிக வேலை. சங்கத்தின் எல்லைக்குள் இருக்கிற தெருக்களுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு விளக்கு, கோடையில் பூச்சாடி, குளிர்காலத்தில் உறைந்த நடைபாதையில் வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் எல்லாம் உண்டு. எல்லை ஒரு மூலை விளக்குக் கம்பத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் ஒரு சந்து. அதில் கடையும் அலுவலகமுமாகப் பதினொன்று. ஆறு பேர் கையெழுத்து வைத்தால் சந்தும் உள்ளே வரும், என் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் ஏழு வருடம் நான் மீன் வெட்டிய தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டியதுதான். அந்தக் குளிரை நினைத்தாலே என் விரல்கள் மடங்கிக்கொள்ளும்.

கோயிலா, பள்ளிக்கூடமா?

முதலில் சந்தில் இருந்த நம்மவர் கடைக்குப் போனேன். கறிவேப்பிலையும் அரிசி மூட்டையும் விற்கிற ரவி அண்ணை என் கையில் இருந்த கோப்பைக் கண்டதுமே, "தங்கச்சி, கோயிலுக்குப் போன கிழமைதான் குடுத்தனான்" என்றார். கோயிலுக்கு இல்லை என்றேன். "அப்ப தமிழ்ப் பள்ளிக்கூடமோ?" அதுவும் இல்லை, எல்லையைப் பெருப்பிக்கிற விஷயம் என்று வரைபடத்தை விரித்தேன்.

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. கதவுப் பக்கம் வேறு ஒருதரம் எட்டிப் பார்த்தார். இது பனிக்கும் பொடிக்கல்லுக்குமான எல்லை என்று விளக்க எனக்கு ஒரு தேநீர் முடிகிற நேரம் பிடித்தது. கடைசியில் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "உந்த எல்லைப் பிரச்சினையே வேண்டாமெண்டுதானே தங்கச்சி நான் இஞ்சை வந்தனான்!"

கோடு முடிகிற இடம்

பொடிக்கல் போடுகிற சின்ன உழவு இயந்திரம் காலையில் மூலைவரை வந்து, அப்படியே திரும்பிப் போகும். ஒருநாள் அதை மறித்து, சாரதியிடம் கெஞ்சினேன். சந்துக்குள் ஒரு பத்து அடி மட்டும் போடு, கடைக்காரர்கள் பார்த்தால் எனக்குக் கையெழுத்து விழும் என்றேன். அவன் இயந்திரத்தை நிறுத்தி, சட்டைப் பைக்குள் இருந்து வரைபடத்தை எடுத்து, விரலால் கோட்டைத் தடவிக் காட்டினான். இந்த நாட்டில் விதியோடு கெஞ்சிப் பயனில்லை என்பது எனக்கு அன்றைக்கும் மறந்துபோயிருந்தது.

சந்தின் முதற்கடை பூக்கடை. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடைக்காரி, அவன் சொன்னதைக் கேட்டதும் உள்ளே போய்த் தன் பேனையோடே வந்துவிட்டாள். அவன் சொன்னது இதுதான்: "கோடு இங்கே முடிகிறது. நானும் இங்கே முடிகிறேன்."

நான்காவது மாடி

சந்தில் ஒரு கணினி நிறுவனம். முதலாளி பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்ததால் பொறுப்பில் இருந்தவர் சென்னைக்காரர், கார்த்திக். "மேடம், நாங்க நாலாவது மாடி. எங்களுக்கு எதுக்கு ரோட்டுல கல்லு?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்கள் நாலாம் மாடிக்குப் பறந்தே போறனீங்கள்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பியும் வைத்தார். "உங்க தமிழ் கேக்க நல்லா இருக்கு மேடம். ஆனா திட்டுறீங்களா கொஞ்சுறீங்களான்னுதான் தெரியல."

உங்கள் பக்கம்

முடிதிருத்தும் கடையும் பீட்சாக் கடையும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்ததால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐந்து பேர் முடியாது என்றுவிட்டார்கள். மிச்சம் ஒருவர், மணிக்கூடு திருத்துகிற ஒட்வார். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், "என் வாசலை நானே பார்த்துக்கொள்வேன்" என்றார். உண்மைதான். அவருடைய வாசலில் பொடிக்கல் பாய் விரித்தது போலக் கிடக்கும்.

சங்கக் கூட்டத்துக்கு முதல்நாள் நான்காம் தடவை புறப்பட்டேன். உறைபனியின் மேல் மழை பெய்திருந்தது. மூலைக் கம்பத்துக்கு ஐந்தடி இருக்கும்போதே கால் வழுக்கி, தொபுக்கென்று இருந்துவிட்டேன். படிவத்தை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். ஒட்வார் வாளியோடு ஓடிவந்து, முதலில் என்னைச் சுற்றிக் கல்லைத் தூவி, பிறகுதான் கை கொடுத்தார். நான் இருந்த இடத்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். "நீ விழுந்தது உங்கள் பக்கத்தில்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு அழுதேன். அழுதபடியே வேலை, மார்ச் மாதம், மீன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காதில் அது விழுந்ததோ தெரியாது. குனிந்து எங்கள் நடைபாதையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்: "இப்படியா கல் போடுவது? கொண்டா அந்தப் பேனையை. உள்ளே வந்தால்தான் உங்களை ஒழுங்காக ஏசலாம்."

மறுநாள் கூட்டத்தில் எல்லை சந்தின் கடைசிவரை நீண்டது, என் வேலையும் நிரந்தரமானது. வெஸ்ட்லிக்குப் போகிற ரயிலில் இருக்க முடியாத வலியோடு, வீடுவரை நின்றுகொண்டே சிரித்தபடி போனேன்.

இப்போது திங்கட்கிழமை தவறாமல் ஒட்வாரிடமிருந்து இரண்டு பக்க முறைப்பாட்டுக் கடிதம் வருகிறது. ஏழு வருடம் மீன் முள் குத்திய கைக்கு அதைப் பிரிப்பது ஒரு கஷ்டமே இல்லை.