கலகெதர வளைவில் இறங்கியவர்

குண்டசாலையிலிருந்து காலையில் கண்டி நகருக்குப் போகிறவர்களில் பலருக்கு அந்த வெளிர்மஞ்சள் நிற நிசான் காரைத் தெரியும். தென்னக்கும்புரப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாகனங்கள் தேங்கி நின்றால், முன்னால் அந்தக் கார்தான் போகிறது என்று பஸ் கொண்டக்டர்கள் எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அதை ஓட்டுபவர் விவேகானந்தன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கமாகவே பார்த்தபடி வருபவர் அவருடைய மனைவி லீலாதேவி.

வலப்பக்கம் திரும்பக் கூடாது என்பதை லீலாதேவி நாளடைவில் பழகிக்கொண்டார். முந்திப் போகிற ஒவ்வொரு வாகனமும் ஒரு கணம் பக்கத்தில் வந்து மெதுவாகும். உள்ளே இருப்பவர்கள் முறைப்பார்கள். சிலர் சிங்களத்தில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஏச்சைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு தடவை ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம் பெண் கண்ணாடியைத் தட்டி, உண்மையான அக்கறையோடு, "அங்கிள், சுகமில்லையா? யாருக்காவது கோல் எடுக்கவா?" என்று கேட்டாள். விவேகானந்தன் சிரித்துக்கொண்டே, "இல்லை மகள், நான் நல்லா இருக்கிறன்," என்றார். அன்று வீடு வந்து சேரும்வரை லீலாதேவி கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார்.

கைதடியில் பிறந்த லீலாதேவி இயல்பிலேயே விறுவிறுப்பானவர். படிக்கிற காலத்தில் நாவற்குழிப் பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பொடியன்களை முந்திப் போனவர் என்று அவருடைய தம்பிமார் இன்றும் சொல்வார்கள். கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்தார். ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். அவருடைய நடை, சமையல், தட்டச்சு எல்லாமே வேகம். கணவரோடு காரில் போகும்போது மட்டும் அந்த வேகம் முழுவதையும் கால்விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

விவேகானந்தனுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று லீலாதேவிக்குத் தெரியும். யுத்தகாலத்தில் கணவர் வேலை விஷயமாக வவுனியாப் பக்கம் அடிக்கடி போய்வருவார். சோதனைச் சாவடியைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். ஒருநாள் அவரோடு வேலை செய்த ஒருவர் தடையைக் கவனிக்காமல் சற்று வேகமாகப் போய்விட்டார். சூடு விழுந்தது. தோளோடு போயிற்று, ஆள் பிழைத்தார். அடுத்த வாகனத்தில் இருந்தவர் விவேகானந்தன். சாவடிகள் எல்லாம் எடுபட்ட பிறகும் அவருடைய கால் மட்டும் பிரேக்கை விட்டு எழும்பவே இல்லை.

அதனால் அவரோடு சண்டை பிடிக்க லீலாதேவிக்கு மனம் வருவதில்லை. கோபம் வரும். அதையும் கால்விரல்களுக்குள் மடக்கிக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகன் றமணன். கனடாவுக்குப் போய்ப் பதினொரு வருடம். அகதி வழக்கு, விசாரணை, மறுப்பு, மேன்முறையீடு என்று இழுபட்டு, போன வருடம்தான் அவனுக்குக் கடவுச்சீட்டுக் கையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவான். முகம் பெரிதாகத் தெரியும், குரல் சற்றுப் பிந்தி வரும். அழைப்பு முடிந்த பிறகும் லீலாதேவி தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பார். வாவிக்கரையில் நடக்கும்போது யாராவது உயரமான ஆள் கழுத்தைச் சற்றுச் சரித்தபடி முன்னால் போனால், நடையை எட்டிப் போட்டு முந்திச் சென்று முகத்தைப் பார்ப்பார். அவனாக இருக்க வழியில்லை என்று தெரியும். பார்த்தால்தான் மனம் ஆறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை றமணன் சொன்னான்: "அம்மா, வேலை விஷயமா மெல்பேர்ணுக்குப் போறன். போற வழியிலை கட்டுநாயக்கா எயார்போட்டிலை கொஞ்ச நேரம் நிக்கவேண்டி வரும். விசா எடுத்திட்டன், வெளியிலை வரலாம். வருவீங்களோ?"

"வருவீங்களோ எண்டு கேக்கிறியே," என்றார் லீலாதேவி. தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றார்.

காலையில் வந்து இறங்கி, மத்தியானம் கழிந்ததும் அவன் திரும்ப உள்ளே போய்விட வேண்டும். வீட்டுக்கு வந்துபோக நேரம் காணாது.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு ஒரு வான் பிடிப்பமே?" என்று லீலாதேவி கேட்டுப் பார்த்தார்.

"ஏன், எங்கடை காருக்கு என்ன?"

"காருக்கு ஒண்டுமில்லை."

விவேகானந்தனுக்கு விளங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியாத ஆள் கண்மண் தெரியாமல் ஓட்டுவான். பொடியனைப் பாக்கிறதெண்டால் முதல் நாங்கள் உயிரோடை போய்ச் சேரவேணும். விடியவே வெளிக்கிடுவம். அப்ப சரிதானே?"

விடியவே வெளிக்கிட்டார்கள். லீலாதேவி இருட்டோடு எழும்பிப் புட்டு அவித்து, மீன் பொரித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கிப் பின் ஆசனத்தில் வைத்திருந்தார். தென்னக்கும்புரப் பாலத்தடியில் விவேகானந்தன் கேட்டார்.

"குசினியிலை காஸைப் பூட்டினனீரோ?"

"பூட்டினனான்."

"வடிவாத் தெரியுமோ?"

தெரியும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் மனம் கேட்காது. திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பூட்டித்தான் இருந்தது. மறுபடி பாலத்தைத் தாண்டும்போது பள்ளிக்கூட வான்கள் எல்லாம் வீதிக்கு வந்துவிட்டன. வாவியைச் சுற்றி ஊர்ந்தார்கள். கிளைவீதிகளிலிருந்து வந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் விவேகானந்தன் நின்று வழிவிட்டார். கட்டுகஸ்தோட்டை கழிய ஒரு மணல் லொறி முன்னால் போனது. அதை முந்த அவர் நினைக்கவே இல்லை. பிறகு இயந்திரம் சூடேறுகிறது என்று ஒரு மரநிழலில் நிறுத்தி ஆறவிட்டார். கலகெதரப் பக்கத்து வளைவுகளை அடையும்போது நல்ல வெயில். பின்னால் பஸ், லொறி, வான் என்று பெரிய வால். ஹோர்ன் சத்தம் ஓயவில்லை.

அப்போதுதான் லீலாதேவியின் தொலைபேசியில் செய்தி வந்தது. 'வெளியிலை வந்திட்டன் அம்மா. எங்கை நிக்கிறீங்கள்?'

அவர் அதை வாசித்தார். பாதையைப் பார்த்தார். கணவரின் கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் மொளிகள் வெளுத்திருந்தன.

"கொஞ்சம் கெதியாப் போங்கோ."

"போறன்தானே. பாரும், எப்பிடி வளைவு."

கொஞ்சத் தூரத்தில் ஒரு கடைக்கு முன்னால் அகலமான இடம் வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட விவேகானந்தன் காரை ஓரமாக நிறுத்தினார். வால் முழுவதும் உறுமிக்கொண்டு கடந்து போனது. ஒரு வெள்ளை வான் மட்டும் போகாமல் முன்னால் நின்றது. தொப்பி போட்ட ஒருவர் இறங்கி வந்தார்.

"என்ன ஐயா இது? எவ்வளவு நேரமா ஒங்களுக்குப் பின்னாலயே வாறம். தம்பி கட்டாருல ஈந்து வந்து எயார்போட்டுல காத்துக்கிட்டு ஈக்கான். இப்பிடி ஓட்டினா நாங்க எப்பப் போய்ச் சேர்ற?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி," என்றார் விவேகானந்தன். "இந்த வளைவிலை..."

லீலாதேவி கதவைத் திறந்து இறங்கினார். யோசித்து இறங்கியதாகத் தெரியவில்லை. கால் தரையில் பட்ட பிறகுதான் தான் நிற்பது அவருக்கே உறைத்தது.

"தம்பி, நீங்கள் எயார்போட்டுக்கோ போறியள்?"

"ஓ, அங்கதான்."

"என்னையும் ஏத்திக்கொண்டு போவியளே? என்ரை மகன் வந்து நிக்கிறான். கொஞ்ச நேரந்தான் நிப்பான். நான் அவனைப் பதினொரு வருசமாக் காணேல்லை."

அந்த மனிதரின் பெயர் பாயிஸ். அவர் லீலாதேவியைப் பார்த்தார், காருக்குள் இருந்த விவேகானந்தனைப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் இறங்கிவிட்டது.

"ஏறுங்க அம்மா. எங்கட உம்மாவும் உள்ளுக்கு ஈக்காங்க. ஐயா, நீங்களும் வாங்க. இது தெரிஞ்ச கடைதான். காரை இங்க விடலாம், வரக்குள்ள எடுக்கலாம்."

விவேகானந்தன் வானைப் பார்த்தார். கீழே இறங்கும் வளைவுகளைப் பார்த்தார். அவருடைய கை கதவுப் பிடிவரை போனது. பிறகு திரும்பி வந்து ஸ்டியரிங்கில் அமர்ந்தது.

"நீர் போம்," என்றார் மனைவியிடம். "நான் பின்னாலை வாறன். அவனை நிக்கச் சொல்லும்."

வான் கிளம்பியது. ஜன்னலோரம் இருந்த லீலாதேவி, வெகு காலத்துக்குப் பிறகு, மரங்கள் பின்னால் ஓடுவதைக் கண்டார். காற்று முகத்தில் அடித்தது. அந்த வேகம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று குற்றவுணர்வாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தார். மஞ்சள் கார் எப்போதோ மறைந்துவிட்டது.

பாயிஸின் உம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "எங்கட புள்ள போய் மூணு வருஷம். அதுவே தாங்க ஏலாம ஈந்திச்சு. நீங்க எப்பிடி ஈந்தீங்க?"

"தெரியேல்லை," என்றார் லீலாதேவி.

குருநாகலைத் தாண்டிய பிறகுதான் சாப்பாட்டுக் கூடை காரிலேயே தங்கிவிட்டது நினைவுக்கு வந்தது.

விமான நிலையத்தில் சனக்கூட்டத்துக்குள் அவர் வலமும் இடமும் ஓடிப் பார்த்தார். பின்னாலிருந்து "அம்மா" என்று குரல் கேட்டது. அந்தக் குரல் பிந்தி வரவில்லை. திரும்பினார். றமணன் குனிந்தான். அவர் இரண்டு கைகளாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். தாடி குத்தியது.

"மெலிஞ்சிட்டாய்."

"எங்கையம்மா, பத்துக் கிலோ கூடிட்டுது. அப்பா எங்கை?"

"வாறார்."

"அவரே ஓட்டிக்கொண்டு வாறாரோ?"

"ஓம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு றமணன் சிரிப்பை நிறுத்தி நேரத்தைப் பார்த்தான். அப்பாவுக்கு அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். "ஓட்டேக்கை எடுக்கமாட்டார்," என்றார் லீலாதேவி.

ஒரு தூணடியில் கதிரைகள் இருந்தன. கோழி ரோல்ஸும் தேநீரும் வாங்கி வந்து அங்கே இருந்து சாப்பிட்டார்கள். சொல்வதற்கென்று லீலாதேவி பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தவை ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்கால் வலியைப் பற்றியும் பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டியதைப் பற்றியும் சொன்னார். அவன் பனியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் வாகனங்கள் வந்து நிற்கும் பக்கம் போய்ப் போய் வந்தது. அவன் இடக்கையைத் தன் மடியில் வைத்து அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

உள்ளே போக வேண்டிய நேரம் வந்தது. "இன்னும் கொஞ்சம் பாப்பம்," என்றான். அந்தக் கொஞ்சமும் போயிற்று. கண்ணாடிக் கதவடியில் தாயைக் கட்டிக்கொண்டபோதும் அவன் அவருடைய தலைக்கு மேலால் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் போய் வெகுநேரமாகவில்லை. தூரத்தில் கார் நிறுத்துமிடப் பக்கமிருந்து விவேகானந்தன் ஓடி வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை. மற்றக் கை வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் ஓடி லீலாதேவி ஒருநாளும் கண்டதில்லை. காத்திருந்த நேரமெல்லாம் அவருக்கென்று சில வார்த்தைகளை லீலாதேவி கூர்தீட்டி வைத்திருந்தார். அவற்றை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

"போயிட்டானோ?"

"ஓம்."

அவர் மூச்சு வாங்கியபடி கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "உள்ளுக்கை இன்னும் நிப்பான், என்ன?"

லீலாதேவி அழைப்பெடுத்துக் கொடுத்தார்.

"மகன், நான் வந்திட்டன்." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, விவேகானந்தன் தலையைத் தலையை ஆட்டினார். "ஓமோம். சாப்பாடும் கொண்டந்தனான். சரி. சரி மகன். கவனமாப் போ."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாகனத்தை ஒழுங்கான இடத்திலை விட்டிட்டுத்தான் வந்தனான்," என்றார். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தி, மகனுக்குச் சமைத்த சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டார்கள். புட்டு ஆறி இறுகியிருந்தது.

"நரை விழுந்திட்டுதோ அவனுக்கு?"

"காதடியிலை கொஞ்சம். தாடியிலையும்."

"குரல்?"

"உங்கடை குரல்தான்."

அவர் மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "சாப்பிடேக்கை இடக்கையை மடியிலை வைச்சுக்கொண்டுதான் சாப்பிடுறவன். இப்பவும் அப்பிடியோ?"

அந்த இடக்கையைத்தான் அன்று லீலாதேவி தன் மடியில் வைத்திருந்தார். கணவர் இதையெல்லாம் கவனித்து வைத்திருப்பார் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஓம்," என்றார் லீலாதேவி. "அப்பிடித்தான்."

அதற்கடுத்த மாதம் லீலாதேவி குண்டசாலையில் வாகனம் ஓட்டப் பழகச் சேர்ந்தார். விவேகானந்தன் தடுக்கவில்லை. முதல் முறை பரீட்சையில் தவறி, அடுத்த முறை தேறினார். இப்போது மஞ்சள் காரை ஓட்டுபவர் அவர்தான். விவேகானந்தன் இடப்பக்கம் இருந்து, கதவின் மேலிருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, வளைவு வந்தால் "மெல்ல, மெல்ல" என்பார்.

வருகிற வருடம் ஒரு மாத லீவில் வருவதாக றமணன் சொல்கிறான். திகதி சொல்வதில்லை. அவன் வரும்போது அந்த றோட்டுத் தனக்குக் கைப்பழக்கமாக இருக்க வேண்டும் என்று, அழைப்பு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் லீலாதேவி குருநாகல்வரை ஓட்டிப் போகிறார். அங்கே ஒரு கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, வந்த வழியே வீடு திரும்புவார்கள்.

போன ஞாயிறும் போனார்கள். பிளேன்டீ குடித்து முடித்து, காரைத் திருப்புவதற்காக லீலாதேவி வலப்பக்க சிக்னலைப் போட்டார். எதிரே வாகனங்கள் வந்துகொண்டிருந்தன. விவேகானந்தன் கட்டுநாயக்காப் பக்கம் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பாப்பமே," என்றார்.