தேதி முடிந்த அட்டை

என் அக்கா முப்பது வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தாள். கண்டக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. அவள் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டி வரும் பஸ், எதிரே போகும் பஸ்ஸுக்கு ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டிவிடும். அது தெரிந்து அவள் ஒரு நிறுத்தம் நடந்துபோய் ஏறுவாள். டிக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு கிழிசல் போட்டுத் திருப்பித் தருவாள். நான் வாங்கிவரும் பால் பாக்கெட்டில்கூடத் தேதியைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "வந்தவன் எவன்கிட்டயும் சரியான டிக்கெட் இல்லையே" என்பாள்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தபோது, பஸ்ஸில் ஒரு பெண்ணையும் ஆறு வயதுச் சிறுமியையும் பார்த்தாள். சிறுமியின் மடியில் துணி திணித்த கறுப்பு பிளாஸ்டிக் பை. கேட்பதற்கு முன்பே அந்தச் சிறுமி டிக்கெட்டை நீட்டி, "எனக்கும் இருக்கு" என்றாளாம். அக்கா கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"டிக்கெட் சரியா இருந்துச்சுடா," என்றாள் அன்று சாயங்காலம். "கூட இருந்தவ யாருன்னு நான் கேக்கவே இல்லை."

அது அவளை விடவில்லை. மூன்று மாதம் கழித்துக் குழந்தைகள் நல அலுவலகத்தில் வளர்ப்புத் தாயாக விண்ணப்பம் கொடுத்தாள். தத்து இல்லை. சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையை, அலுவலகம் கேட்கும் நாள்வரை வளர்த்துக் கொடுப்பது.

வீட்டைப் பார்வையிட ஒரு அதிகாரியம்மா வந்தார். அக்கா அவரை வெயிலில் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவர் காட்டிய அடையாள அட்டையில் இருந்த எண்ணுக்கு இல்லை. தானே தேடி எடுத்த எண்ணுக்கு. "கார்டுல இருக்கற நம்பர் அவங்களே அடிச்சதா இருக்கலாம்ல?" பன்னிரண்டு நிமிடம் கழித்து உள்ளே வந்த அதிகாரியம்மா சும்மா விடுவாரா? ஃபிரிஜ்ஜுக்குள் தலையை விட்டார், ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்தார், என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்க அக்கா கை நீட்டுவாங்களா?"

"சின்ன வயசுல என்னை அடிச்சிருக்கா."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா பிறகு என் காதைத் திருகினாள். "உன்கிட்ட யாருடா சரித்திரம் கேட்டது?"

ஒரு வருடம் இழுத்தடித்து அனுமதி வந்தது. வந்த பெண்ணுக்கு எட்டு வயது. மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறியவள். அக்காவுக்குச் சற்றும் சளைத்தவள் இல்லை. அக்கா ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் தன் தட்டில் கை வைப்பாள். அவள் கொண்டுவந்த துணிப்பை கட்டியபடியே கட்டிலடியில் இருந்தது.

"என்ன பாக்குற?"

"நீங்க என்ன பாக்குறீங்க?"

இப்படித்தான் இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருநாள் அவளே கேட்டாள்: "என்னை எப்போ அனுப்புவீங்க?"

"ஏன்?"

"துணி துவைக்கப் போட்டிருக்கேன். காயணும்ல."



ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகக் காரில் ஒரு இளைஞர் வந்தார். நானும் அங்கே இருந்தேன். "பாப்பாவை வேற வீட்டுக்கு மாத்தறோம்மா. அங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் இருக்காங்க."

அவர் முடிப்பதற்குள் சிறுமி பையோடு வாசலில் நின்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்கா அவருடைய அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"தம்பி, இது போன மாசமே முடிஞ்சிருச்சே."

"புதுசு இன்னும் வரலைம்மா. ஆபீஸ்ல கேளுங்க."

அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. "சரி, திங்கக்கிழமை வாங்க."

"ஒத்துழைக்கலைன்னு எழுதுவேன். உங்க அனுமதியே போயிரும்."

"தாராளமா எழுதுங்க. அப்படியே கார்டையும் புதுப்பிச்சிட்டு வாங்க."

கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளும் போட்டாள். ஆனால் உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நிஜ ஆளாத்தான்டா தெரியறான். நானே இவளைத் தொலைச்சிட்டேனா?" அக்கா தன்னையே சந்தேகித்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை தெரிந்தது: ஆளும் நிஜம், உத்தரவும் நிஜம். அக்காவை விசாரணைக்கு அழைத்தார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அந்தப் பன்னிரண்டு நிமிட அதிகாரியம்மா.

"உண்மையான அதிகாரியைத் திருப்பி அனுப்பினது சரின்னு படுதா?"

"உண்மைன்னு இன்னைக்குத் தெரியுது. வெள்ளிக்கிழமை தெரியாதே."

சிறுமியைத் தனியே விசாரித்தார்கள். அவள் சொன்னது, பிறகு எங்கள் கைக்கு வந்த விசாரணை அறிக்கையின் நகலில் அப்படியே இருந்தது: "நாலு வீட்லயும் யாரும் கார்டு கேக்கலை. பையை எடுத்துட்டியான்னுதான் கேட்டாங்க."

மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. வீடு திரும்பிய சற்று நேரத்தில் கொல்லைப்பக்கம் போனேன். சிறுமி தன் துணி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கடைசியில் அந்தப் பையும் தொங்கியது.

பதினான்கு வருடம் அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். பதினெட்டு முடிந்து அலுவலகம் கோப்பை மூடிய பிறகும் போகவில்லை.

போன மாதம் அக்கா இறந்தாள். உடலை எடுத்துப்போக வண்டியில் இருவர் வந்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு அவள் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கார்டு காட்டுங்க."

இந்த நேரத்திலா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். மூத்தவர் சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அவள் முன்னே பார்த்தாள், பின்னே திருப்பினாள், தேதியைப் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வழிவிட்டாள்.

"மெதுவாத் தூக்குங்க," என்றாள்.